மாட்டின் குணம் எங்கே இருக்கிறது?

கொங்கு நாட்டுக் கண்ணபுரம் மாரியம்மன் தேரை ஒட்டிச் சித்திரையில் கூடும் மாட்டுச் சந்தையில் காளை வாங்க வருகிறவர் பல்லைப் பிடித்துப் பார்ப்பார். குளம்பையும் திமிலையும் நடையையும் பார்ப்பார். கடைசியில் மயிரைத் தடவிச் சுழி தேடுவார். நெற்றியிலும் முதுகிலும் திமிலடியிலும் மயிர் எங்கே சுழன்று நிற்கிறது, எந்தப் பக்கம் போகிறது என்பதற்கெல்லாம் பெயர் உண்டு, பலன் உண்டு. கோபுரச் சுழி குடும்பத்தைத் தூக்கி நிறுத்தும். ஏறுபூரான் நல்லது, இறங்குபூரான் ஆகாது. விலங்குச் சுழி உள்ள மாட்டைக் கட்டியவன் கைவிலங்கு பூணுவான். பாடைச் சுழி வீட்டில் சாவு விழவைக்கும். எலும்பும் நடையும் குறைவில்லாத மாடு ஒரு சுழிக்காக விலை இறங்கிப்போகும். உடம்பில் கண்ணுக்குத் தெரியும் ஒரு சின்ன அடையாளத்தை எடுத்து, கண்ணுக்குத் தெரியாத குணத்தோடும் பலனோடும் முடிச்சுப் போடுகிற இந்தச் சாஸ்திரத்தைக் கேலி செய்துவிட்டுப் போவது எளிது. ஆனால் முடிச்சுப் போடும் ஆசை நம்மை விட்டுப் போய்விடவில்லை. இன்றைக்கு அது மிகுந்த உழைப்போடும் கட்டுப்பாட்டோடும் உலகம் முழுவதும் நடக்கிறது.

பயிர்களிலும் கால்நடைகளிலும் எந்த மரபணு மாறுபாடு எந்தப் பண்போடு சேர்ந்து வருகிறது என்று தொகுத்து வைக்கும் தரவுத்தளங்களைச் சொல்கிறேன். சிட்னிப் பல்கலைக்கழகத்தின் பிராங்க் நிக்கோலஸ் 1978இல் விலங்குகளின் பரம்பரைக் கோளாறுகளையும் பண்புகளையும் பட்டியலிடத் தொடங்கினார்; ஓமியா என்ற அந்தப் பட்டியல் 1995இலிருந்து இணையத்தில் யாருக்கும் திறந்திருக்கிறது. அமெரிக்காவின் அயோவா மாநிலப் பல்கலைக்கழகம் மாடு, பன்றி, செம்மறி, கோழி ஆகியவற்றுக்கு இன்னொரு தளம் நடத்துகிறது. நெல்லுக்கும் மற்றப் புல்லினப் பயிர்களுக்கும் கிரமீன் இருக்கிறது. இவை தாமாகக் குவிந்த தகவல் குப்பை அல்ல. ஆள் உட்கார்ந்து ஆய்வுக் கட்டுரைகளைப் படித்து, எந்த இனத்தில், எத்தனை விலங்குகளில், எந்த முறையில் இது தெரியவந்தது என்று சரிபார்த்து, வரி வரியாகப் பதிகிறார்கள். இந்தியாவிலும் 2024 அக்டோபரில் நாட்டு மாடுகளுக்குக் ‘கௌ சிப்’, எருமைகளுக்கு ‘மஹிஷ் சிப்’ என்ற மரபணுச் சோதனைச் சில்லுகள் வெளிவந்தன. கன்று வளர்ந்து கறவைக்கு வரும்வரை காத்திராமல், குட்டியாக இருக்கும்போதே அதன் தகுதியை மதிப்பிடுவது நோக்கம். ஆக, காங்கேயம் இனக் கன்றின் நெற்றியில் சுழி தேடிய கண் இனி அதன் மரபெழுத்தில் தேடும். இந்த இடத்தில், ஆய்வுக்கூடம் மட்டும் பதில் சொல்லிவிட முடியாத ஒரு பழைய கேள்வி எழுகிறது. ஓர் உயிரின் குணம் அந்த உயிருக்குள்ளேயே இருக்கிறதா? இருந்தால், அதைப் படித்து முடித்ததும் அந்த உயிரை அறிந்துவிட்டோம் என்று சொல்லலாமா?

சொல்ல முடியாது என்பதே என் பதில். அதற்கான கருவி கொங்கு மண்ணிலேயே கிடக்கிறது. பெருங்கதை பாடிய கொங்குவேளிரின் விசயமங்கலத்தில் சந்திரப்பிரபர் கோயில் இன்றும் நிற்கிறது. பெருந்துறைக்குப் பக்கத்திலுள்ள சீனாபுரத்தை நன்னூல் எழுதிய பவணந்தி முனிவரின் ஊர் என்பார்கள். சமணம் இங்கே பல நூற்றாண்டுகள் வேரோடியிருந்தது. அந்தச் சமயத்தின் அறிவுக் கொள்கை அநேகாந்தம். பொருள் ஒவ்வொன்றுக்கும் எண்ணிறந்த தன்மைகள் உண்டு. அறிகிறவன் ஏதோ ஓரிடத்தில் நின்று, ஏதோ ஒரு நோக்கத்தோடு, அவற்றுள் ஒன்றிரண்டை மட்டும் பிடிக்கிறான். அப்படிப் பிடிப்பது நயம். ஆகவே எந்தக் கூற்றும் ‘ஒரு வகையில்’ என்ற நிபந்தனையோடுதான் உண்மையாகும். அந்த வகை என்பது பொருள், இடம், காலம், நிலை என்ற நான்கால் அமைவது. இது சியாத்வாதம். நிபந்தனையை அறுத்துவிட்டு ஒரு நயத்தையே முழு உண்மை என்று சாதிப்பதைச் சமணர்கள் துர்நயம் என்று கடிந்தார்கள். எல்லாம் பொய் என்று அவர்கள் ஒருபோதும் சொல்லவில்லை. பொருள் உண்மை, அதன் தன்மைகள் உண்மை, நாம் அறிவதும் உண்மை. எங்கிருந்து அறிந்தோம் என்பதை விட்டுவிடும்போது பிழை நுழைகிறது. மரபணுத் தரவுத்தளத்தின் ஒவ்வொரு வரியும் இத்தகைய நிபந்தனைக் கூற்று. நிபந்தனையை மறந்து படித்தால் அதுவும் சுழி சாஸ்திரம் ஆகிவிடும். அதனாலேயே, ஒரு பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு எந்த இனத்தையும் கழித்துக்கட்டும் உரிமை நமக்கு இல்லை. இதுதான் என் வாதம்.

நெல்லிலிருந்து தொடங்குகிறேன், அங்கே சான்று தெளிவாக இருக்கிறது. ஒடிசாவின் நாட்டு நெல்லிலிருந்து தேர்ந்தெடுத்த எஃப்.ஆர்.13ஏ என்ற ரகம் வெள்ளத்தில் இரண்டு வாரம் மூழ்கிக் கிடந்தாலும் தண்ணீர் வடிந்ததும் பிழைத்துவிடும். அதற்குக் காரணமான சப்1ஏ என்ற மரபணுவை 2006இல் அடையாளம் கண்டார்கள். 2009இல் ஸ்வர்ணா சப்1 வயலுக்கு வந்தது. கோவையிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் அதே மரபணுவை நம் கோ 43 ரகத்துக்குள் கொண்டுவந்தது. மரபணு வழித் தேர்வின் பெரிய வெற்றிகளுள் இது ஒன்று. ஏழை உழவர் வீட்டில் உலை கொதிக்க வைத்த வெற்றி. அது வேலை செய்யும் விதத்தைப் பாருங்கள். மூழ்கிய பயிருக்குள் எத்திலீன் வாயு தேங்கும். அப்போது சப்1ஏ பயிரின் வளர்ச்சியை நிறுத்திச் சத்தைச் சேமிக்க வைக்கிறது. ஆனால் 2009இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் ஆழநீர் நெல்லில் ஸ்நார்க்கல் என்ற இரண்டு மரபணுக்களைக் கண்டார்கள். அதே எத்திலீன் தேங்கியதும் இவை நேர் எதிரான வேலையைச் செய்கின்றன. தண்டு நாளுக்கு ஒரு சாண் அளவுக்குக்கூட நீண்டு, பயிரின் தலை தண்ணீருக்கு மேலே வந்துவிடும். மாதக்கணக்கில் தண்ணீர் நிற்கும் தாழ்நிலத்தில் அடங்கிக் கிடக்கிற பயிர் அழுகிப்போகும். பத்து நாளில் வடியும் வெள்ளத்தில் நீண்டு வளர்கிற பயிர் இருந்த சத்தையெல்லாம் செலவழித்துச் சாய்ந்துவிடும். ‘வெள்ளம் தாங்கும் குணம்’ என்று பட்டியலின் ஒரு பத்தியில் எழுதினால், எந்த வெள்ளம் என்று சொல்லாதவரை அந்தப் பத்திக்குப் பொருள் இல்லை. குணம் பயிருக்கும் தண்ணீருக்கும் நடுவில் நிற்கிறது. இன்னொன்றும் உண்டு. 2005இல் வெளியான நெல்லின் முழு மரபணுத்தொகுதி நிப்பான்பாரே என்ற ஜப்பானிய ரகத்துடையது. மற்ற நெல்லையெல்லாம் அதோடு ஒப்பிட்டே படித்தார்கள். அந்த ரகத்தில் சப்1ஏ கிடையவே கிடையாது.

மாட்டிலும் இப்படியே. பால் கொழுப்போடு தொடர்புடைய டிகாட்1 மரபணுவில் 2002இல் கண்டறிந்த ஒரு மாறுபாடு, கால்நடை மரபியலில் மிக உறுதியான சான்றுள்ள பதிவுகளுள் ஒன்று. ஒரு வடிவம் பாலில் கொழுப்பைக் கூட்டி அளவைக் குறைக்கும். மற்றது அளவைக் கூட்டிக் கொழுப்பைக் குறைக்கும். இரண்டில் எது நல்லது? ஆவின் சங்கத்தில் கொழுப்பையும் கொழுப்பற்ற திடப்பொருளையும் அளந்து காசு தருகிறார்கள். அங்கே ஒரு விடை. வீடு வீடாக லிட்டர் கணக்கில் ஊற்றுகிறவருக்கு வேறு விடை. மாறுபாடு மாட்டின் உடலில் இருப்பது மெய், அது செய்யும் வேதிவேலையும் மெய். அதை நன்மை என்றும் குறை என்றும் ஆக்குவது மாட்டுக்கு வெளியே இருக்கும் அளவைக் கருவியும் விலைப்பட்டியலும்.

இனிக் காங்கேயம் மாட்டையே எடுத்துக்கொள்வோம். அதன் நிறம் என்ன என்று கேட்டால் மயிலை என்பார்கள். ஆனால் கன்று பிறக்கும்போது செவலை. ஆறு மாத வாக்கில் சிவப்புக் கழன்று சாம்பல் ஏறும். இனப்பெருக்கத்துக்கான பூச்சிக்காளையாக விட்டால் தலையும் கழுத்தும் திமிலும் கறுத்து இருண்டு வரும். காயடித்து ஏரில் பூட்டினால் அந்தக் கருமை வெளுத்துப்போகும். ஒரே விலங்கு, ஒரே மரபெழுத்து. வாழ்நாளில் மூன்று நிறம். சமணர்கள் குணம் வேறு, பரியாயம் வேறு என்று பிரித்தார்கள்: பொருளோடு நிலைத்திருப்பது ஒன்று, காலத்தால் வந்துபோவது மற்றொன்று. நிறம் என்ற பத்தியில் ஒரே ஒரு சொல்லை எழுதுகிறவர் எந்த வயதில், ஆணா பெண்ணா, காயடிப்பதற்கு முன்பா பின்பா என்றும் எழுத வேண்டும். நிறமாவது கண்ணுக்குத் தெரிகிறது. எருது பூட்டிக் கிணற்று நீர் இறைக்கும் கவலை ஓடிய காலத்தில் காங்கேயம் எருதுக்கு இருந்த மதிப்பை எந்தப் பத்தியில் எழுதுவது? கிணற்றடியிலிருந்து சரிவில் இறங்கி, நீர் மொள்ளும் சாலை மேலே இழுக்க வேண்டும். தண்ணீர் வாய்க்காலில் கொட்டியதும் பின்காலெடுத்து வைத்துப் பின்னாலேயே சரிவில் ஏறிப் பழைய இடத்துக்கு வர வேண்டும். விடியலிலிருந்து வெயில் ஏறும்வரை இதே நடை. வலு மட்டும் இருந்தால் இது நடக்காது. பார்க்காமலே பின்னால் அடியெடுத்து வைக்கும் நிதானம் வேண்டும். ஓட்டுகிறவர் குரலுக்குக் கட்டுப்படும் பழக்கம் வேண்டும். மழை பொய்த்த ஆண்டிலும் கிளுவை வேலி போட்ட கொறங்காடு என்ற மேய்ச்சல் நிலத்தில் கொழுக்கட்டைப்புல்லும் வெள்வேலங்காயும் தின்று உடம்பைக் காத்துக்கொள்ளத் தெரிய வேண்டும். பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பம் தேர்ந்து வளர்த்த மந்தை இந்த இனத்துக்குப் பேர் வாங்கித் தந்தது. 1930களில் பைக்காரா மின்சாரம் வந்தது. கோவையில் மோட்டார் பம்பு செய்யும் பட்டறைகள் எழுந்தன. மெல்ல மெல்லக் கவலை நின்றது. பிறகு டிராக்டர் வந்தது. மாட்டின் மரபில் பெரிதாக எதுவும் மாறிவிடவில்லை. ஆனாலும் அதன் குணங்களில் பாதி, கேட்பாரில்லாமல் மறைந்துபோயிற்று. அதன்பின் நாம் கேட்டது ஒரே கேள்வி: எத்தனை லிட்டர்? நாளுக்கு இரண்டு மூன்று என்று விடை வந்ததும் ‘உற்பத்தித் திறன் குறைந்த இனம்’ என்று எழுதி முடித்தோம்.

கேள்வி மாறினால் இல்லாத குணம் தென்படவும் செய்யும். ஓடைக்கரையில் காடாக மண்டி, வெட்ட வெட்டத் துளிர்க்கும் பேய்க்கரும்பு நமக்குக் களை. அது எங்கே இனிக்கிறதோ அங்கே பட்டினத்தாருக்கு வீடுபேறு என்று கதை சொல்லும் அளவுக்கு அதன் இனிப்பின்மை ஊரறிந்தது. சர்க்கரை என்ற ஒரே பத்தி உள்ள பட்டியலில் அதற்கு எதிரே பூஜ்யம்தான் எழுத முடியும். 1912இல் கோவையில் கரும்பு இனப்பெருக்க நிலையம் தொடங்கியபோது சி.ஏ. பார்பரும் டி.எஸ். வெங்கட்ராமனும் வேறொன்றைக் கேட்டார்கள்: வட இந்தியக் குளிரையும் வறட்சியையும் எந்தக் கரும்பு தாங்கும்? வெள்ளை என்ற இனிப்புக் கரும்போடு கோவைப் பேய்க்கரும்பைக் கலந்து பிறந்த கோ 205, 1918இல் வெளியாகி வட இந்தியக் கரும்பு விவசாயத்தின் போக்கையே மாற்றியது. இன்று உலகில் பயிராகும் கரும்பில் பெரும்பாலானவற்றில் பேய்க்கரும்பின் ரத்தம் ஓடுகிறது. அதே கோவை நிலையத்தின் கர்னால் மையம் 2009இல் தந்த கோ 0238 உத்தரப் பிரதேசத்தின் கரும்புப் பரப்பில் பெரும்பகுதியைப் பிடித்தது. வெளியிட்டபோது செவ்வழுகல் நோயைத் தாங்கும் என்று பதிவாயிற்று; அந்தப் பதிவு உண்மைதான். பூஞ்சை புது வடிவம் எடுத்ததும் அதே கரும்பு வயல் வயலாக விழுந்தது. கரும்பு மாறவில்லை, காலம் மாறியது.

நிபந்தனையை மறப்பதற்கு நம் கண்முன் நடக்கும் எடுத்துக்காட்டு ஏ2 பால். மாட்டுப் பாலின் பீட்டா கேசீன் புரதத்தில் 67ஆம் இடத்தில் புரோலின் இருந்தால் ஏ2, ஹிஸ்டிடின் இருந்தால் ஏ1. நம் நாட்டு இனங்கள் பெரும்பாலும் ஏ2. ஏ1 பால் செரிக்கும்போது உண்டாகும் ஒரு புரதத்துணுக்கு நோய்களுக்குக் காரணம் என்ற ஐயத்தை ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2009இல் ஆராய்ந்து, காரண காரியத் தொடர்பு நிறுவப்படவில்லை என்றது. சிலருக்குச் செரிமானத்தில் வேறுபாடு தெரிகிறது என்று சொல்லும் ஆய்வுகளும் உண்டு. அது இன்னும் பேசித் தீராத விஷயம். ஆனால் கண்ணாடிப் புட்டியில் வீட்டு வாசலுக்கு வரும் பாலில் ஏ2 என்பது ஒரு புரதக் குறிப்பாகவா இருக்கிறது? தூய்மை, தெய்வத்தன்மை, முன்னோர் வழி, உடல்நலம் எல்லாமே அந்த ஓர் எழுத்தில் குடியேறிவிட்டன. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2024 ஆகஸ்டில் இப்படிப்பட்ட அடையாளத்தை உறைகளிலிருந்து நீக்கச் சொல்லி, சில நாட்களிலேயே அந்த அறிவிப்பைத் திரும்பப் பெற்றது. எனக்கு வருத்தம் தருவது வேறு. கெர்ன்சி போன்ற அயல் இனங்களிலும் ஏ2 மிகுதி. ஹோல்ஸ்டீனிலும் ஏ2 காளைகளைத் தேர்ந்து பெருக்கலாம், பெருக்குகிறார்கள். காங்கேயத்தின் பெருமை ஏ2தான் என்று நாம் நிறுவிவிட்டால், இருபது லிட்டர் கறக்கும் ஏ2 ஹோல்ஸ்டீன் வந்து நிற்கும் நாளில் காங்கேயத்துக்குச் சொல்ல எந்தக் காரணமும் மிஞ்சாது. அந்த மாட்டை மெய்யாகவே நேசிக்கிறவர்கள் அதை ஓர் எழுத்தாகச் சுருக்கிவிட்டார்கள். நல்ல மனத்தோடு செய்தாலும் இது துர்நயமே.

இந்த இடத்தில் ஒரு மறுப்பு வரும்: எல்லாமே ‘ஒரு வகையில்’ என்று சொல்லிக்கொண்டிருந்தால் அறிவியல் நீர்த்துப்போகாதா? பிளாட் என்ற நோயெதிர்ப்புக் குறைபாட்டின் மரபணு தாய் தகப்பன் இரு பக்கமும் சேர்ந்து வந்த ஹோல்ஸ்டீன் கன்று காங்கேயத்தில் பிறந்தாலும் கனடாவில் பிறந்தாலும் தேறுவதில்லை. சினை ஊசிக்கு விந்து எடுக்கும் காளைகளை இதற்காகச் சோதித்து விலக்குகிறார்கள். அது சரியான செயல், கருணையான செயலும்கூட. இதை நான் முழுமையாக ஏற்கிறேன். நிபந்தனை என்பது எல்லாக் கூற்றுக்கும் ஒரே அகலத்தில் இருப்பதில்லை. சில கூற்றுகள் கிட்டத்தட்ட எங்கும் செல்லும், சில ஒரு ஊரைத் தாண்டாது. எது எவ்வளவு தூரம் செல்லும் என்று சோதித்துச் சொல்வதுதான் அறிவியலின் வேலை. நல்ல தரவுத்தளத் தொகுப்பாளர்கள் செய்வதும் அதுவே. இந்தத் தொடர்பு இந்த இனத்தில் மட்டும் கண்டது, இன்னும் உறுதியாகவில்லை, பின்வந்த ஆய்வு இதை மறுத்தது என்றெல்லாம் அவர்கள் எழுதி வைக்கிறார்கள். அந்தப் பொறுமையை நான் உயர்ந்த ஒழுக்கமாகக் கருதுகிறேன். சுழி சாஸ்திரத்தில் தவறிய பலனை எழுதிவைக்க ஏடு இல்லை. பழைய சமணர்களுக்கு மரபணு தெரியும் என்றோ அறிவியலை அவர்கள் முந்திவிட்டார்கள் என்றோ நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்வது அவர்களுக்கும் அவமரியாதை. அறிந்ததை எப்படிச் சொல்ல வேண்டும் என்பதை அவர்கள் ஆழமாக யோசித்திருந்தார்கள். அந்த யோசனை இப்போது நமக்கு வேண்டியிருக்கிறது.

இரண்டாவது மறுப்பு இதைவிட வலுவானது. தரவு போதாததால்தான் நிபந்தனை. லட்சம் மாடுகளின் முழு மரபெழுத்தையும் பாலையும் நோயையும் தீவனத்தையும் சேர்த்துவிட்டால் நிபந்தனையும் கணக்குக்குள் வந்துவிடுமே? 2001இலிருந்து வளர்ந்த மரபுத்தொகுதித் தேர்வு முறை ஒற்றை மரபணுவைத் தேடுவதையே விட்டுவிட்டு, ஆயிரக்கணக்கான குறிகளை ஒன்றாகக் கூட்டித்தான் மதிப்பெண் போடுகிறது. ஆனால் அந்த மதிப்பெண் எந்த மந்தையைப் பார்த்துக் கற்றதோ அந்த மந்தைக்குத்தான் நன்றாகப் பொருந்தும். வேறு இனத்துக்குக் கொண்டுபோனால் துல்லியம் குறையும். 2009இல் வெளியான மாட்டின் முதல் முழு மரபணுத்தொகுதி அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் வளர்ந்த டாமினெட் என்ற ஹியர்ஃபோர்ட் பசுவுடையது. உலக மாடுகளின் மாறுபாடுகள் பெரும்பாலும் அந்த ஒரு பசுவின் எழுத்தை வைத்தே இடம் குறிக்கப்பட்டன. அவளிடம் இல்லாத ஒன்று காங்கேயத்திடம் இருந்தால் அதை எழுத இடமில்லாமல் போகும். நிப்பான்பாரேயில் சப்1ஏ விடுபட்ட கதைதான். தரவு பெருகுவதாலும் கேட்காத கேள்விக்கு விடை வராது. பானி ஃபார்ம் அர்லிண்டா சீஃப் என்ற ஹோல்ஸ்டீன் காளை 1962இல் பிறந்தது. அதற்கு மகள்கள் மட்டும் ஏறத்தாழ 16,000. பால் பதிவேட்டில் அதற்கு நிகர் இல்லை. அன்றைக்கு உலகின் மிகச் சிறந்த பதிவேடு அது. 2011இல் மரபுத்தரவைத் துழாவியபோது ஒரு துண்டு எந்த மாட்டிலும் இரட்டையாக வரவில்லை என்று தெரிந்தது. இரட்டையாகப் பெற்றவை கருவிலேயே கலைந்திருந்தன. ஐந்து லட்சம் கருக்கள் இப்படிப் போயின என்று மதிப்பிட்டார்கள். அரை நூற்றாண்டு அந்தப் பதிவேட்டில் பால் இருந்தது, பிறக்காத கன்று இல்லை. கண்டுபிடித்ததும் தரவுத்தளம்தான் என்பதை நான் மறைக்கவில்லை. யாரோ ஒருவர் இல்லாததைத் தேடிய பிறகே அது அகப்பட்டது.

மூன்றாவதாகப் பக்தியுள்ளவர் ஒருவர் கேட்கலாம்: உடம்பும் குணமும் வினைப்பயன், எழுதினவன் எழுதிவிட்டான், சுழியில் படித்தால் என்ன, மரபணுவில் படித்தால் என்ன? வினையை மிகக் கறாராக நம்பிய சமணமே இதை ஏற்காது. வினை பழுத்துப் பலன் தருவதற்கும் பொருள், இடம், காலம், நிலை கூடிவர வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. வினை உண்டு என்று ஏற்றுக்கொண்ட பிறகும், எங்கே எப்போது எந்த நிலையில் என்ற கேள்வி முடிவதில்லை. முயற்சிக்கு இடம் அங்கேதான் கிடைக்கிறது.

உழவர் கேட்பது இவை எல்லாவற்றையும்விட நியாயமானது. எண்ணிறந்த குணம் உண்டு என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். தீவன விலைக்கும் ஆள் கூலிக்கும் பதில் என்ன? இரண்டு லிட்டர் மாட்டை வைத்துக்கொண்டு குடும்பம் நடக்குமா? நடக்காது. கலப்பின மாடு வாங்கியவர் மீது குற்றம் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. கொங்குச் சீமையில் பல வீடுகளில் பிள்ளைகள் படித்தது அந்தப் பாலால். நான் சொல்லும் கடமை தனி மனிதர் மீது சுமத்துவது அன்று. எந்தக் குணம் நாளைக்குத் தேவைப்படும் என்று பட்டியலால் சொல்ல முடியாது என்றால், பட்டியலில் இல்லாதவற்றைச் சுமந்து திரியும் உயிர்களைக் காப்பது பொதுச் செலவாக இருக்க வேண்டும். ஒடிசா உழவர்கள் அந்தத் தாழ்ந்த விளைச்சல் நெல்லைக் கைவிடாமல் வைத்திருந்ததற்கும், அதைப் பிறகு விதைக் கிடங்கில் வைத்துக் காத்ததற்கும் பலன் பல பத்தாண்டுகள் கழித்துத்தான் வந்தது. அந்த இடைக்காலம் முழுவதும் அது எந்தக் கணக்கிலும் நட்டமே. வெயில் கூடிக்கொண்டே போகும் நாட்டில், கொறங்காட்டுப் புல்லைத் தின்று பசியாறத் தெரிந்த மாட்டை நட்டக் கணக்கில் எழுதிக் கைவிடுவது அறியாமையைத் தீர்ப்பாக எழுதுவது. இதில் பயன் பேச்சும் முழுமையானதல்ல என்பேன். ஓரறிவு உயிரென்றும் ஐந்தறிவு உயிரென்றும் பிரித்து, பயிருக்கும் மாட்டுக்கும் தனக்கென ஒரு வாழ்வு உண்டென்று நம் மரபு நெடுங்காலமாகச் சொல்லிவருகிறது. நமக்கு எப்போதும் பயன்படாத குணமும் அந்த உயிருக்குப் பயன்படும். அதற்கு நம் பட்டியலில் இடம் தேவையில்லை.

ஆகவே தரவுத்தளம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. காங்கேயத்துக்கும் பர்கூர் மலைமாட்டுக்கும் ஆலம்பாடிக்கும் மேச்சேரி ஆட்டுக்கும் நம் மண்ணிலேயே, நம் கேள்விகளோடு ஒரு தொகுப்பு எழ வேண்டும். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகமும் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகமும் சேர்ந்து இதைத் தொடங்கலாம். ஒவ்வொரு பதிவிலும் எந்த மந்தை, எந்த நிலம், எந்தப் பருவம், மாடு என்ன நிலையில் இருந்தது, யார் எதற்காக அளந்தார்கள் என்ற வரிகளை விருப்பத்துக்கு விடாமல் கட்டாயமாக்க வேண்டும். கவலை இறைத்த கடைசித் தலைமுறைக்கு இப்போது வயதாகிவிட்டது. எருதை எதைப் பார்த்துத் தேர்ந்தார்கள் என்று அவர்கள் சொல்வதைக் கேட்டு அதே தொகுப்பில் பதிய வேண்டும், சுழிப் பலன் உட்பட. எது நின்றது எது நிற்கவில்லை என்பதையும் கூடவே. கொறங்காட்டில் பூச்சிக்காளை வைத்திருப்பவருக்குப் பால் கணக்குப் பார்க்காமல் ஆண்டுதோறும் அரசு உதவித்தொகை தர வேண்டும். பால் வாங்குகிற நகரத்து வாசகர் ஏ2 என்ற எழுத்துக்குக் கொடுக்கும் கூடுதல் விலையை, அந்த மாட்டை மேய்ச்சலில் வளர்க்கிறவருக்குப் போகிறதா என்று விசாரித்துக் கொடுங்கள்.